அரையிறுதிக்கு மட்டும் வந்து உட்காருகிறவர்கள்

"யாருப்பா ஜெயிச்சா?"

டிவியில் வினாடி வினா ஓடும் எந்த டீக்கடையிலும், உத்தமபாளையமாக இருந்தாலும் சின்னமனூராக இருந்தாலும், கடைசியில் வந்து நிற்கிறவர் கேட்கும் கேள்வி இதுதான். என்ன கேட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. முதல் சுற்று ஓடும்போது ரிமோட் சீரியலுக்கும் காமெடிக்கும் போய்விடும். கால் இறுதியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அரையிறுதி என்று தெரிந்துவிட்டால் பெஞ்சு நிறைந்துவிடும். இறுதிச் சுற்றுக்கு டீ மாஸ்டரே கிளாஸை வைத்துவிட்டு வந்து நிற்பார். பரிசு அறிவித்ததும், "நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் இருக்குதுகளே..." என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சோடு அன்றைய அறிவுத் தாகம் தீர்ந்துவிடும்.

பார்க்கிறவரைக் குறை சொல்ல முடியாது. கடைசிச் சுற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்கு விளம்பரம் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். கேள்விக்கு முன்னால் ஒரு இசை, கேள்விக்குப் பின்னால் ஒரு இடைவேளை, பதில் சொன்ன பிறகும் "இது சரியா..." என்று இன்னொரு இடைவேளை. ஆனால் அந்தப் பெருமூச்சு விஷமானது. "நம்ம ஊர்ப் பிள்ளைகள்" மேடையில் இல்லை என்பதை வைத்து, அவர்களுக்கு அறிவு இல்லை என்று பள்ளத்தாக்கு தானாகவே ஒரு முடிவுக்கு வருகிறது. அந்த முடிவு தப்பு. அறநெறிப்படி தப்பு என்பதல்ல, கணக்குப்படியே தப்பு.

முதலில் மேடைக்கு வருவது எப்படி என்று பார்க்கலாம்.

1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு 'குவிஸ் டைம்' நடத்தினார். கல்லூரி அணிகள் மோதின. ஆங்கிலம். 1992-ல் 'போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட்' வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தது, டெரக் ஓ'பிரையன் கேள்வி கேட்டார். பள்ளி மாணவர்கள். ஆங்கிலம். 1998-ல் பிபிசி வேர்ல்டில் 'மாஸ்டர்மைண்ட் இந்தியா', 2003-ல் அதே சேனலில் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்'. இரண்டும் ஆங்கிலம். நடுவில் 2000-ல் அமிதாப் பச்சன் 'கோன் பனேகா குரோர்பதி' கொண்டுவந்தார். இந்தி. ஆக, நாடு முழுக்கப் பேசப்பட்ட வினாடி வினா எதிலும் கம்பம் பள்ளத்தாக்கில் தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ முதல் கேள்வியே புரியாது. கேள்வி புரியாதவன் தோற்றான் என்று சொல்வது, டிக்கெட் கிடைக்காதவன் படம் பார்த்துத் தூங்கிவிட்டான் என்று சொல்வது மாதிரி.

தமிழில் வந்தவை உண்டு. சன் டிவியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', விஜய் டிவியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' (2012-ல் சூர்யா, 2013-ல் பிரகாஷ்ராஜ், 2016-ல் அரவிந்த்சாமி), கலர்ஸ் தமிழில் 2019 டிசம்பரில் ராதிகா தொடங்கிய 'கோடீஸ்வரி'. மொழிப் பிரச்சினை தீர்ந்தது. தூரப் பிரச்சினை? கம்பத்திலிருந்து மதுரைக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கு ஐந்நூறுக்கும் மேல். மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயிலை அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருஷம்! ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை பட்டம் வாங்கி வேலைக்கும் போயிருக்கும். இந்தக் காலம் முழுக்க 'ஆடிஷன்' என்றால் இங்கிருந்து ஒரு இரவு பஸ், ஒரு பகல் காத்திருப்பு, இன்னொரு இரவு பஸ். கூட ஒரு பெரியவர் வேறு வர வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் அறுவடை நேரம் என்றால் அந்தப் பெரியவருக்கு இரண்டு நாள் கூலி போச்சு. பரிசுத் தொகைக்கு ஒரு நிகழ்தகவு உண்டு, பஸ் கட்டணத்துக்குக் கிடையாது. அது நிச்சயச் செலவு. காஸ்ட் அக்கவுண்டன்ஸி முதல் பாடம் படித்தவர்கள்கூட இதில் இறங்க மாட்டார்கள்.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். சூர்யா நிகழ்ச்சி தொடங்கியது அந்த வருஷம் பிப்ரவரியில். தமிழ்நாடே இருட்டில் கிடந்த வருஷம் அது. சென்னைக்கு மின்வெட்டு ஒரு கணக்கு, மாவட்டங்களுக்கு வேறு கணக்கு. சென்னையில் ஒன்றிரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீரை விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அதே மலையடிவாரத்தில் உள்ள வீட்டில், "உங்கள் இறுதி விடை என்ன?" என்று சூர்யா கேட்கும்போது டிவி அணைந்துவிடும். மறுநாள் காலை பால் வாங்கப் போகிற இடத்தில்தான் விடை தெரியும். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்ன!

சரி, எல்லாத் தடையையும் தாண்டி ஒரு அணி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் நாக்-அவுட் என்கிற பூதம் நிற்கிறது.

'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோலைக் கதைக்காரர் என்றுதான் பலருக்குத் தெரியும். அவர் ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியர். 1883-ல் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நாக்-அவுட் முறையில் இரண்டாம் பரிசு தருவது மோசடி என்பதுதான் அதன் சாரம். விஷயம் எளிமையானது. 32 பேர் மோதுகிறார்கள். எப்போதும் திறமைசாலியே ஜெயிப்பார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள், அதிர்ஷ்டமே கிடையாது. அப்போதும் இரண்டாவது சிறந்தவர் இறுதிக்கு வருவாரா? முதல்வர் இருக்கும் அதே பாதியில் சீட்டு விழுந்துவிட்டால் வழியிலேயே வெளியேறிவிடுவார். எதிர்ப் பாதியில் விழ வாய்ப்பு 31-ல் 16. பாதிக்குச் சற்றே மேல். அதாவது இரண்டாம் பரிசு சரியான ஆளுக்குப் போகிறதா என்பது கிட்டத்தட்ட பூவா தலையா.

இன்னும் ஒரு படி போடலாம். சிறந்த நான்கு பேரும் அரையிறுதியில் இருக்க வேண்டுமானால் நால்வரும் நான்கு வெவ்வேறு கால் பகுதிகளில் விழ வேண்டும். 31-ல் 24, 30-ல் 16, 29-ல் 8, மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு வாய்ப்பு. டீக்கடை பெஞ்சு நிறைந்து வழிய, "இந்த நாலு பேர்தான் பெரிய மூளை" என்று நம்பிப் பார்க்கிற அந்த அரையிறுதியில், உண்மையிலேயே சிறந்த நால்வர் இருப்பதற்கு ஒன்பதில் எட்டு பங்கு வாய்ப்பு இல்லை. அதுவும் அதிர்ஷ்டம் என்ற ஒன்றே இல்லாத உலகத்தில்.

அதிர்ஷ்டம் உள்ள உலகத்தில் என்ன நடக்கும் என்று கல்லூரி வினாடி வினாவில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நேரடிக் கேள்வி, தெரியாவிட்டால் 'பாஸ்', அடுத்த அணிக்குப் போகும். இப்போது யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதே விதி. பக்கத்து அணி சொதப்பல் அணி என்றால் அவர்கள் விட்டதெல்லாம் உங்கள் மடியில் விழும். பக்கத்து அணி கில்லாடி என்றால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பஸ்ஸர் சுற்றில் தப்புக்கு மைனஸ் பத்து. ஒரே ஒரு அவசர விரல், மூன்று சுற்று உழைப்பைக் காலி செய்யும். பஸ்ஸரே சில மேடைகளில் வேலை செய்யாது, "கையைத் தூக்குங்க" என்பார்கள். பிறகு யார் முதலில் தூக்கியது என்று ஐந்து நிமிஷச் சண்டை. இப்படித் தோற்றவன் ஊருக்கு வந்து இறங்கும்போது அவனிடம் கேட்கப்படுவது, "முதல் ரவுண்டிலேயே அவுட்டாமே?" என்பது மட்டும்தான்.

"கால்பந்திலும் நாக்-அவுட் உண்டே, அதைப் பார்த்து யாரும் அழவில்லையே" என்று ஒரு வாதம் வரும். சரிதான். ஆனால் கால்பந்தில் தோற்றவனை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை. அன்றைக்கு ஆடியது அவ்வளவுதான், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். வினாடி வினா ஒன்றுதான் ஒரு மாலை நேரத்து முடிவை எடுத்துக்கொண்டு ஆயுசுக்கான மதிப்பெண் மாதிரி ஆட்டுகிறது.

வேகத்துக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று போடியில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஏலக்காய் ஏலம் கணினியில் நடக்கிறது. வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்து, திரையில் விலை ஏற ஏற விரலால் தட்டுகிறார்கள். பஸ்ஸர் சுற்று தோற்றுப்போகும் வேகம். ஆனால் தட்டுவதற்கு முன்னால் மாதிரிக் காய் அவர்கள் கைக்கு வருகிறது. நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், உடைத்து அரிசி பார்க்கிறார். இருபது முப்பது வருஷ அனுபவம் அந்தக் கையில் இருக்கிறது. விரல் தட்டுவது கடைசி நொடி வேலை, அவ்வளவுதான். டிவி வினாடி வினா அந்தக் கடைசி நொடியை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறது. காயைப் பார்க்கிற வேலை படமாக்க லாயக்கில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

கேள்விகளின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ் நிகழ்ச்சி என்றாலே சினிமாக் கேள்விகள் கொட்டும். இளையராஜா இசையமைத்த முதல் படம் எது? பண்ணைப்புரத்துக் குழந்தைகூட 'அன்னக்கிளி' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். பாரதிராஜா பிறந்த ஊர் எது, வைரமுத்து பிறந்த ஊர் எது... இதெல்லாம் இங்கே பஸ் ரூட் சொல்வது மாதிரி. சினிமா கூடாது என்பதல்ல. அதுவும் அறிவுதான். ஆனால் அதற்கு அப்பால் தேனி மாவட்டத்தைப் பற்றிக் கேட்க நினைத்தால் என்ன கேட்பார்கள்? பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு எது? அ) 1885 ஆ) 1895 இ) 1905 ஈ) 1915. பென்னிகுயிக் என்ற பெயரைச் சொன்னால் இன்னொரு பத்து மதிப்பெண்.

1895 என்று சொல்வது ஒரு நொடி. அதைச் சொன்னவருக்கு அணையைப் பற்றி என்ன தெரியும்? மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் குத்தகை ஒப்பந்தம். காலம் 999 ஆண்டு. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். 1970-ல் திருத்தம் செய்து ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினார்கள், மின்சாரம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம். 1979-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லி நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளா உடனே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நடுவில் 2011 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கு எப்படிக் கொந்தளித்தது, குமுளி எல்லை எப்படி அடைபட்டது என்பது இங்கே உள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இதில் எந்தக் கேள்வியை நாலு விடைக்குள் அடைப்பது? குத்தகை என்றால் என்ன, விற்பனையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது, 999 வருஷத்துக்கு ஒரே வாடகை என்று எழுதினால் ரூபாயின் மதிப்பு விழ விழ யாருக்கு லாபம், 1970 திருத்தத்தில் தமிழ்நாடு எதை விட்டு எதை வாங்கியது? கூடலூரில் இரண்டு போக நெல் போடுகிற விவசாயி இதை அரை மணி நேரம் பேசுவார். இரண்டு இடத்தில் ஆண்டைத் தப்பாகவும் சொல்வார். டிவி மேடையில் அவர் முதல் சுற்றிலேயே அவுட். 1895 என்று மனப்பாடம் செய்த, அணையை ஒருமுறையும் பார்க்காத, பெருநகரத்துப் பள்ளி மாணவன் அரையிறுதியில். இந்த அளவுகோலைத்தான் 'அறிவுப் போட்டி' என்கிறார்கள்!

சேனல்காரர்கள் இதை ஏன் மாற்ற மாட்டார்கள் என்றால், இது அவர்களுக்கு அறிவு வியாபாரமே அல்ல. பதற்ற வியாபாரம். 2007-ல் ஷாருக் கான் நடத்திய 'கோன் பனேகா குரோர்பதி'யின்போது 'ஹர் சீட் ஹாட் சீட்' என்று ஒரு எஸ்எம்எஸ் போட்டி வைத்தார்கள். வீட்டிலிருந்து விடை அனுப்பலாம். ஒரு எஸ்எம்எஸ் 2 ரூபாய் 40 காசு. தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முன் வந்த கணக்குப்படி 5.8 கோடி எஸ்எம்எஸ் வந்தன. பெருக்கினால் 13.92 கோடி ரூபாய். தந்த பரிசு 52 பேருக்குத் தலா 2 லட்சம், மொத்தம் 1.04 கோடி. 2008-ல் ஆணையம் இதை முறையற்ற வணிகம் என்று சொல்லி ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி அபராதம் போட்டது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. பரிசுப் பணம் எஸ்எம்எஸ் கட்டணத்திலிருந்துதான் போனது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. நியாயம், சட்டத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆனால் 2 ரூபாய் 40 காசு கொடுத்தவர்களின் கூட்டல் கழித்தல் கணக்கு எந்தத் தீர்ப்பாலும் மாறவில்லை. எத்தனை பேர் தங்கள் பாக்கெட் மணியை 'இலவசமாக அறிவை வளர்த்துக்கொள்ள' அனுப்பினார்களோ!

பதற்றம் விற்க வேண்டும் என்றால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை நடந்திருக்கிறது. 1956, 'ட்வென்டி-ஒன்' என்ற நிகழ்ச்சி. ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சலித்துவிட்டது. சார்லஸ் வான் டோரன் என்ற அழகான கல்லூரி ஆசிரியரைக் கொண்டுவந்தார்கள். முந்தைய ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்று ஸ்டெம்பலிடம் கேட்டார்கள். விடை 'மார்ட்டி'. அது அவருக்கு ரொம்பவும் பிடித்த படம். தெரிந்தே 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' என்று தப்பாகச் சொன்னார், சொல்ல வைத்தார்கள். நாடே வான் டோரனைக் கொண்டாடியது. 1959-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் வான் டோரனே தனக்கு விடைகள் முன்கூட்டித் தரப்பட்டதை ஒப்புக்கொண்டார். 1960-ல் வினாடி வினாவில் தில்லுமுல்லு செய்வதைக் குற்றமாக்கி அங்கே சட்டமே வந்தது.

தமிழ் சேனல்கள் அப்படிச் செய்கின்றன என்பதல்ல இங்கே சொல்ல வருவது. அதற்குத் துளி ஆதாரமும் கிடையாது, சொன்னால் அபாண்டம். சொல்ல வருவது வேறு. லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் அந்தக் கடைசிச் சுற்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பார்வையாளரின் கண் அறிவைப் பார்க்கவில்லை, வியர்வையைப் பார்த்தது. (வியர்வைக்காக அந்தக் கண்ணாடிக் கூண்டில் ஏசியைக்கூட நிறுத்தினார்களாம்!)

இங்கே ஒருவர் எழுந்து, "மதுரைக் கௌசல்யாவை மறந்துவிட்டாயா?" என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி வென்றவர் கௌசல்யா கார்த்திகா. காது கேளாதவர், வாய் பேச முடியாதவர், மதுரை நீதிமன்றத்தில் ஊழியர். உதட்டசைவைப் பார்த்தும் திரையைப் படித்தும் பதினைந்து கேள்விகளுக்கும் விடை தந்தார். அந்த இரவு தென் மாவட்டங்களில் யார் அழவில்லை? மெட்ரோவும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, பஸ்ஸரை முந்தும் குரலும் இல்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வீணா?

இல்லை, அவர்தான் இதற்குச் சாட்சி. அவர் எதிராளியை வெளியே தள்ளிக் கோடிக்கு ஏறவில்லை. ஏணி மாதிரி ஒவ்வொரு படியாக, தன் வேகத்தில், தன் கேள்வியோடு மட்டும் மோதி ஏறினார். அவருக்காக நிகழ்ச்சி தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது, கேள்வி அவர் கண்ணுக்குப் புரியும் வடிவத்தில் வந்தது. அவ்வளவு போதுமாயிருந்தது, ஒரு கோடி ரூபாய் அறிவு வெளியே வந்துவிட்டது. பஸ்ஸர் சத்தத்தை நம்பிய ஒரு நாக்-அவுட் மேடையில் அவரை முதல் சுற்றில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பாவம், வந்ததே பெரிய விஷயம்" என்று ஒரு ஆறுதல் பரிசு, ஒரு கைதட்டல், ஒரு பிளாஸ்டிக் கோப்பை.

ஜெயித்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் யாரும் பின்தொடர்வதில்லை. 2011-ல் பீகாரைச் சேர்ந்த சுஷீல் குமார் ஐந்து கோடி வென்றார். மாதச் சம்பளம் சில ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்த ஊழியர். 2020-ல் அவரே ஃபேஸ்புக்கில் எழுதினார், அந்த வெற்றிக்குப் பிந்தைய ஆண்டுகள்தான் தன் வாழ்க்கையின் மோசமான காலம் என்று. ஏமாற்றியவர்கள், போன முதலீடுகள், பழக்கங்கள். இன்னொன்று: பரிசுப் பணத்துக்கு வருமான வரி நேராக 30 சதவீதம், அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ். சம்பளக்காரருக்கு உள்ள அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது, பஸ் செலவைக்கூடக் கழிக்க முடியாது. திரையில் ஒரு கோடிக்குக் காசோலை காட்டுகிறார்கள். கைக்கு வருவது மூன்றில் இரண்டு பங்கு. "ஒரு கோடியில் வரி போக எவ்வளவு?" என்று பதினாறாவது கேள்வி வைத்தால் நன்றாக இருக்கும் :-)

மாற்று வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 1962-லிருந்து வரும் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' நாக்-அவுட்தான். ஆனால் முதல் சுற்றில் தோற்றவர்களில் அதிக மதிப்பெண் எடுத்த நான்கு அணிகளுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. கால் இறுதியில் ஒரு தோல்வியால் வெளியே போக மாட்டார்கள், அரையிறுதிக்கு இரண்டு வெற்றி வேண்டும். லூயிஸ் கரோலின் கணக்கு முழுதாக இல்லாவிட்டாலும் பாதியாவது யாரோ ஒருவர் காதில் விழுந்திருக்கிறது. அங்கேயும் விதி விதிதான். 2009-ல் கோப்பையை ஜெயித்த ஆக்ஸ்போர்டு அணியில் ஒருவர் படிப்பை முடித்துவிட்டுக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும், பட்டத்தைப் பிடுங்கி மான்செஸ்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். (காமர்ஸ் பக்கம் வந்தால் இப்படித்தான் ஆகும் போல.) 'மாஸ்டர்மைண்ட்' வேறு ஒரு வழியைக் காட்டியது. போட்டியாளர் தானே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வரலாம். அந்த நாற்காலியில் ஒரு கூடலூர் விவசாயி 'பெரியாறு அணை, 1886 முதல் இன்று வரை' என்று சொல்லி உட்கார்ந்தால், கேள்வி கேட்பவருக்குத்தான் வியர்க்கும்.

உத்தமபாளையத்தில் 1956-லிருந்து ஒரு கல்லூரி இருக்கிறது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கம் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. தேனியில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. மூன்றிலும் ஆளுக்கு ஒரு அரங்கம், ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர் உண்டு. அடுத்தமுறை ஒரு சேனல் தமிழில் வினாடி வினா நடத்தும்போது எழுத்துத் தேர்வை ஒரே நாளில் முப்பத்தெட்டு மாவட்டங்களிலும் வைக்கட்டும். தோற்ற அணிகளின் மதிப்பெண்ணையும் வெளியிடட்டும், முதல் சுற்றில் போன அணி அரையிறுதி அணியைவிட அதிகம் எடுத்திருந்தது என்றால் அதையும் ஊர் பார்க்கட்டும். அரங்கம் இலவசமாகவே கிடைக்கும், எந்த முதல்வரும் மறுக்கப் போவதில்லை. விடைத்தாள் திருத்த ஆள் கூலி ஆகும், பயணப்படி ஆகும். கேள்வித்தாளை மறுநாள் எல்லோரும் பார்க்கும்படி போட ஒரு பைசாவும் ஆகாது.